டெப்கான்ஃப்: கேட்கத் தெரிந்த வேலைக்காரன்

திருப்பூர் பனியன் கம்பெனியில் பில் போடும் சர்வரை ராத்திரி அப்டேட்டுக்கு விட்டால், காலையில் அது ஒரு நீலத்திரைக் கேள்வியோடு நிற்கக் கூடாது. டெபியன் லினக்ஸில் மென்பொருள் பேக்கேஜ்களை நிறுவும்போது அமைப்புக் கேள்விகளைக் கேட்கும் டெப்கான்ஃப் இதில் கெட்டி. கேள்விகளுக்கு லோ, மீடியம், ஹை, கிரிட்டிக்கல் என 4 தரம். வழக்கமாக ஹையும் அதற்கு மேலும்தான் திரைக்கு வரும். சொன்ன பதிலை நினைவில் வைத்துக்கொள்ளும். மாற்ற டிபிகேஜி-ரீகான்ஃபிகர் என்ற கட்டளை இருக்கிறது.

குறை பேக்கேஜ் கட்டுபவர்களிடம். போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வரின் வகையைக் கேட்பது நியாயம், அதை ஊகிக்க முடியாது. நல்ல டிஃபால்ட் இருக்கும் இடத்திலும் ஹை போட்டுக் கேட்பது சோம்பேறித்தனம்.

டெபியன்_ஃப்ரண்ட்எண்ட் (DEBIAN_FRONTEND) என்ற சூழல் மாறியில் நான்இன்டராக்டிவ், அதாவது 'கேள்வி கேட்காதே', என்று வைத்தால் எல்லாம் அடங்கிவிடும் என்று நம்பாதீங்க. அட்மின் உரிமையோடு கட்டளையை ஓட்டும் சூடோவுக்கு முன்னால் எழுதினால் அது பெரும்பாலும் உள்ளேயே போகாது, பின்னால் எழுதணும். அப்புறம், கையால் திருத்திய அப்பாச்சி வெப் சர்வரின் கான்ஃபிக் ஃபைலைப் பற்றிக் கேட்பது டெப்கான்ஃப் அல்ல, பேக்கேஜை நிறுவும் டிபிகேஜி. அதற்கு ஃபோர்ஸ்-கான்ஃப்டெஃப், ஃபோர்ஸ்-கான்ஃப்ஓல்ட் என்ற ஆப்ஷன்கள் இரண்டையும் சேர்த்துக் கொடுங்க. பழையது அப்படியே இருக்கும், புதியது டிபிகேஜி-டிஸ்ட் என்ற வாலோடு பக்கத்தில் கிடக்கும். நேரில் உட்கார்ந்திருந்தால் 'டி' அழுத்தி வித்தியாசத்தைப் பார்த்துவிட்டே பதில் சொல்லுங்க.