ஆயில் மாத்தாமலே மாத்தினதா பில் போட்டு 7,860 ரூபா வாங்கிட்டாங்க, பெட்ரோல் கார் வச்சிருக்கவங்க படிங்க

வாசல்ல வந்து காரை எடுத்துட்டுப் போறோம், சர்வீஸ் முடிச்சு சாயங்காலம் திருப்பி விட்டுடறோம்னு சொல்ற ஆப் எதையாவது யூஸ் பண்றீங்கன்னா ஒரு அஞ்சு நிமிஷம் இதைப் படிச்சுட்டு அப்புறம் புக் பண்ணுங்க. பேரு போடல, அந்த மாதிரி ஆப் ஒண்ணுன்னு மட்டும் வச்சுக்குங்க. நேத்துதான் விஷயம் வெளிய வந்துச்சு, எனக்குக் கோபம் இன்னும் அடங்கல, அதனால முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்குங்க.

நான் இருக்கறது திருச்சி. வண்டி 2016 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட். மேனுவல்ல தெளிவா போட்டிருக்கான், 10,000 கிலோமீட்டர் இல்லன்னா ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அப்போ எஞ்சின் ஆயில் மாத்தணும்னு. கடைசியா 61,200-ல மாத்தினது, ரெண்டு மாசம் முன்னாடி 70,900 ஆயிடுச்சு. ஆயில் அளவு பாக்கற ஸ்டிக்கை (டிப்ஸ்டிக்) எடுத்துப் பார்த்தா ஆயில் கருப்பா இருந்துச்சு, விரல்ல தேய்ச்சா வழுவழுப்பு போய் லேசா நெறநெறன்னு இருந்துச்சு, காலையில ஸ்டார்ட் பண்ணினா கொஞ்ச நேரம் டிக் டிக்னு எஞ்சின் வால்வு பக்கம் வர்ற டேப்பெட் சவுண்டு வேற. ஆக மாத்த வேண்டிய நேரம்தான், அதுல சந்தேகமே இல்ல. எப்பவும் பாக்கற மெக்கானிக் பாய் அப்போ ஊர்ல இல்ல, அப்பாவை மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற வேலை வேற இருந்துச்சு, அதனால ஆப்ல புக் பண்ணினேன். ஃபுல் சிந்தெடிக் ஆயில் மூணரை லிட்டர், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், எஞ்சின் ஃப்ளஷ் (உள்ள இருக்க பழைய அழுக்கைக் கழுவி எடுக்கறது), லேபர், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 7,860 ரூபா. முன்கூட்டியே கட்டச் சொன்னாங்க, கட்டியாச்சு.

வந்த பையனைப் பத்திச் சொல்லியே ஆகணும், ஏன்னா ஏமாத்தறதே அந்த இடத்துலதான் ஆரம்பிக்குது. கம்பெனி டீஷர்ட், கழுத்துல ஐடி கார்டு, சீட்டுக்குக் கவர் போட்டுத்தான் உள்ளயே உக்காந்தான். பானெட்டைத் தொறந்து டிப்ஸ்டிக்கை வெள்ளை டிஷ்யூல துடைச்சு எங்க அப்பாகிட்டயே காட்டி, "ஐயா பாருங்க, எப்படிக் கருத்துப் போயிருக்கு, இதோட ஓட்டினா எஞ்சின் தேய்ஞ்சுடும்யா"ன்னு அவ்ளோ அக்கறையா சொன்னான். எங்க அப்பா முப்பது வருஷம் போக்குவரத்துக் கழகத்துல டிரைவரா இருந்தவர், லேசுல யாரையும் நம்பமாட்டார், அவரே "பையன் தொழில் தெரிஞ்சவனா இருக்கான்"னு சொல்லி டீ குடுத்து அனுப்பினார். மத்தியானம் வாட்ஸ்அப்ல போட்டோ வந்துச்சு, என் கார் பானெட் மேல புது ஆயில் கேன், பக்கத்துல புது ஃபில்டர் டப்பா. அந்தப் போட்டோவை நேத்து ராத்திரி பெருசு பண்ணிப் பாத்தேன். கேன் மூடியோட சீல் வளையம் உடையவே இல்ல. வச்சு போட்டோ எடுத்துட்டு அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போயிருக்கானுங்க.

இப்போ முக்கியமான இடம். வண்டி வந்த மறுநாள் காலையில எஞ்சின் சூடு இல்லாம இருக்கும்போதே நான் ஸ்டிக்கை எடுத்துப் பாத்தேன். கருப்பு. முந்தின நாள் பாத்த அதே கருப்பு. உடனே ஒர்க்ஷாப்புக்குப் போன் பண்ணினேன். சூப்பர்வைசர்னு ஒருத்தர் பேசினார், "சார் நாங்க ஃப்ளஷ் பண்ணியிருக்கோம்ல, அது போக சிந்தெடிக் ஆயில் பழைய கார்பனை எல்லாம் கரைச்சு இழுத்துட்டு வரும், அதான் உடனே கருக்குது, ஆயில் நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம் சார்"னு. கேக்கறதுக்கு எவ்ளோ நியாயமா இருக்கு பாருங்க. இதுல பாதி உண்மை இருக்கு, அதனாலதான் இது இவ்ளோ மோசமான பொய். டீசல் எஞ்சின்ல புகைக்கரி ஆயில்ல கலக்கறதால மாத்தின கொஞ்ச தூரத்துலயே கருத்துடும், அங்க கலரை வச்சு மாத்தினானா இல்லையான்னு சொல்லவே முடியாது. பெட்ரோல்ல அப்படி இல்ல. உள்ள ஒட்டியிருக்க மிச்ச ஆயில் கலந்து லேசா பழுப்பா தெரியலாம், மொத்தமும் ஒரே ராத்திரியில கருப்பாகாது. டீசலுக்குச் சொல்ல வேண்டியதை பெட்ரோல்காரன்கிட்ட சொல்லிட்டார் அந்த மனுஷன்.

அப்போ அதை நம்பிட்டேன், அப்புறம் ரெண்டு மாசம் வண்டி ஓடுச்சு. போன ஞாயித்துக்கிழமை அப்பாவைக் கூட்டிட்டு மதுரை போறப்போ துவரங்குறிச்சி தாண்டி ஒரு இடத்துல ஸ்லோ பண்ணினேன், ஐடிலிங்ல ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு லைட்டு விட்டு விட்டு எரியுது. அந்த லைட்டு ஆயில் பழசாயிடுச்சுன்னு ஞாபகப்படுத்தற லைட்டு இல்லைங்க, எஞ்சினுக்குள்ள ஆயில் பிரஷர் இல்லன்னு சொல்றது, எரிஞ்சா அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும்கூட ஓட்டக்கூடாது. அங்கயே ஓரங்கட்டி ஆஃப் பண்ணிட்டேன். உச்சி வெயில், எழுபத்தி மூணு வயசு அப்பா, பக்கத்துல ஒரு புளியமரம்கூட இல்ல. லோக்கல் மெக்கானிக் ஒருத்தர் பைக்ல வந்து ஸ்டிக்கை எடுத்தா ஆயில் மினிமம் கோட்டுக்கும் கீழ, நுனியில மட்டும் கன்னங்கரேல்னு ஒட்டியிருக்கு. "எப்பண்ணே ஆயில் மாத்துனீங்க?"ன்னு கேட்டார். ரெண்டு மாசம் முன்னாடின்னு சொன்னேன். என்னை ஒரு மாதிரி பாத்தார். அவர் ஒரு லிட்டருக்கு மேல ஊத்தித்தான் வண்டி மெதுவா திருச்சி திரும்புச்சு. அன்னைக்கு டாக்டரைப் பாக்கவே முடியல.

நேத்து பாய் வண்டியைத் தூக்கி ஆயிலை இறக்கினார். ஆயிலை வெளிய விடக் கழட்டற ட்ரெய்ன் போல்ட்டுல சுத்தியும் பழைய மண்ணு காய்ஞ்சு ஒட்டியிருக்கு, ஸ்பேனர் பட்ட தடமே இல்ல. அப்புறம் ஃபில்டரைக் கழட்டித் துடைச்சு என் கையில குடுத்தார். அதுல அவரே மார்க்கர்ல போன தடவை எழுதின 61,200 அப்படியே இருக்கு. ஃபில்டரும் அதேதான், ஆயிலும் அதேதான். கிட்டத்தட்ட 12,000 கிலோமீட்டர் ஒரே ஆயில்ல ஓடியிருக்கு என் வண்டி, அதுவும் 7,860 ரூபா குடுத்த பிறகு. பாய் புது ஆயில், புது ஃபில்டர் போட்டார், தனியா 3,400 ஆச்சு. ஃப்ளஷ் எதுவும் போடல. இன்னைக்குக் காலையில ஸ்டிக்கை எடுத்துப் பாத்தா தேன் கலர்ல இருக்கு, ஆயிலுக்கு அடியில ஸ்டிக்குல இருக்க கோடு தெரியுது. மாத்தினா இப்படித்தான்டா இருக்கும்! ஆனா டேப்பெட் சவுண்டு இன்னும் முழுசா போகல, வால்வைத் தள்ளித் தொறக்கற கேம் தேய்ஞ்சிருக்கான்னு மேல் கவரைக் கழட்டிப் பாத்தாத்தான் தெரியும்னு சொல்லியிருக்கார். அது தனிச் செலவு.

ஆப்காரங்க பதில் என்னன்னு கேளுங்க. முதல்ல சாட்ல மெஷின் பேசுச்சு, "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு. நான் கருத்தா சொன்னேன்? என் பணத்தைக் கேட்டேன். அப்புறம் ஒரு பொண்ணு லைன்ல வந்து, "சார் வேலை பண்ணினது பார்ட்னர் ஒர்க்ஷாப், அவங்ககிட்டதான் நீங்க பேசணும்"னாங்க. ஒர்க்ஷாப்புக்கு அடிச்சா, "பணம் வாங்கினது ஆப்பு, அவங்ககிட்ட கேளுங்க"ன்னு வச்சுட்டான். திரும்ப ஆப்புக்கு அடிச்சா வாரண்டி ஒரு மாசம் இல்லன்னா 1,000 கிலோமீட்டர்தானாம், அது முடிஞ்சுடுச்சாம். செய்யாத வேலைக்கு எதுக்குய்யா வாரண்டி? ஃபில்டர் போட்டோ அனுப்பினா, "வெளி மெக்கானிக் பிரிச்சதால அதை ஏத்துக்க முடியாது, அது உங்க வண்டி ஃபில்டர்தான்னு எப்படி நம்பறது"ன்னு கேக்கறாங்க. கடைசியா பெரிய மனசு பண்ணி அடுத்த சர்வீஸுக்கு 300 ரூபா கூப்பன் தர்றாங்களாம். 7,860 ரூபா வாங்கிட்டு 300 ரூபா கூப்பன், அதுவும் திரும்ப அவங்ககிட்டயே போனாத்தான். அந்த சூப்பர்வைசர் என் நம்பரை பிளாக்கே பண்ணிட்டார்.

எஞ்சின் ஆயில் எப்போ மாத்தணும்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு விளக்கமா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்போ பொறுமை இல்ல, அவசரத்துக்குச் சிலது மட்டும் சொல்லிடறேன். சமதளத்துல நிறுத்தி, எஞ்சினை ஆஃப் பண்ணி ஒரு பத்து நிமிஷம் விட்டு, ஸ்டிக்கை எடுத்துத் துடைச்சு முழுசா உள்ள விட்டு மறுபடி எடுத்துப் பாருங்க, ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கணும், மாசம் ஒருதரம் பாத்தா போதும். பழுப்பா இருந்தா பயப்படாதீங்க. கருத்து, விரல்ல நெறநெறன்னு இருந்தாலோ பெட்ரோல் வாசனை அடிச்சாலோ காட்டுங்க. பால் காபி கலர்ல கலங்கி இருந்தா எஞ்சினைக் குளிர வைக்கற கூலன்ட் ஆயிலுக்குள்ள போகுதான்னு உடனே பாக்கணும், வெறும் ஆயில் மாத்தினா தீராது. ஊருக்குள்ளயே கொஞ்ச தூரம் கொஞ்ச தூரமா ஓட்டறவங்க, தூசி ரோட்டுல ஓட்டறவங்க 10,000 வரைக்கும் காத்திருக்காதீங்க.

மாத்தும்போது கூடவே நில்லுங்க, கேன் சீலை உங்க கண்ணு முன்னாடி உடைக்கச் சொல்லுங்க, பழைய ஃபில்டரை வீட்டுக்குக் கேட்டு வாங்குங்க, புது ஃபில்டர் மேல தேதியும் கிலோமீட்டரும் எழுதச் சொல்லுங்க. பெட்ரோல் காரா இருந்தா மறுநாள் காலையில ஸ்டிக்கைப் பாருங்க, கருப்பா இருந்தா அன்னைக்கே சண்டை போடுங்க, கார்பன் கரையுதுங்கற கதையை நம்பாதீங்க.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிவு பண்ணிட்டேன். ஆன்லைன்ல வியாபாரம் பண்றவங்க குறைதீர்ப்பு அதிகாரி வச்சே ஆகணும், 48 மணி நேரத்துல புகாரைப் பெற்றுக்கிட்டதா சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும்னு 2020 விதியில இருக்கு, அந்த அதிகாரிக்கும் மெயில் போட்டாச்சு. நாம குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் இருந்தா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல வழக்குப் போடக் கட்டணமே கிடையாது, ரெண்டு வருஷம் டைம் இருக்கு. பில்லு, சீல் உடையாத கேன் போட்டோ, 61,200 எழுதின ஃபில்டர், பாய் எழுதிக் குடுத்த சீட்டு எல்லாம் ஒரு கவர்ல போட்டு வச்சிருக்கேன். இதே மாதிரி திருச்சியில யாருக்காவது நடந்திருந்தா பில்லைத் தூக்கிப் போடாம எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேர்ந்தே புகார் குடுக்கலாம்.