காந்திபுரம் என்.டி.ஏ. பயிற்சி மையம்: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

எங்கள் உடுமலை வட்டாரத்தில் ராணுவ அதிகாரிப் பணிக்கு மாணவர்களைத் தயார்படுத்தும் அமராவதி நகர் சைனிக் பள்ளி 1962 முதல் இருந்தபோதிலும், முப்படை அதிகாரிகளை உருவாக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமியின் (என்.டி.ஏ.) நுழைவுத் தேர்வைப் பெண்கள் எழுத வழி பிறந்தது 2021-இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவுக்குப் பிறகுதான். முதல் அணியில் 17 பெண்கள் 2025 மே மாதம் அந்த அகாடமி இருக்கும் புணே அருகே கடக்வாஸ்லாவில் பயிற்சி முடித்து வெளிவந்த செய்தியைப் பார்த்துவிட்டு, என் மகளைக் கோவை காந்திபுரத்திலுள்ள ஒரு மையத்தில் சேர்த்தேன்.

கணித வகுப்பு அருமை. இரண்டரை மணி நேரத்தில் 120 வினாக்கள், தவறினால் அவ்வினாவுக்குரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிவு என்பதால், ஒவ்வொரு தவற்றுக்கும் எதிரே ‘தெரியவில்லை’, ‘அவசரம்’, ‘கூட்டல் பிழை’ என்று மாணவர்களையே சிவப்பு மையில் எழுத வைக்கிறார் ஆசிரியர். இரண்டே மாதங்களில் மகளின் நோட்டில் ‘அவசரம்’ என்ற சொல் பெரிதும் அருகிவிட்டது.

வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருவதால், தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்குக் கணிதக் கலைச்சொற்களைத் தனியே சொல்லித் தர வேண்டும். அதற்கு இங்கே ஏற்பாடு இல்லை. பொள்ளாச்சிப் பக்கத்து அரசுப் பள்ளி மாணவி ஒருத்தி, விடை தெரிந்தும் கேள்வி புரியாமல் விழித்ததைக் கண்டு மனம் வலித்தது.

எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண், அதில் தேறியவர்களுக்கு ராணுவத் தேர்வு வாரியம் நடத்தும் நேர்முகத் தேர்வான எஸ்.எஸ்.பி.க்கும் அதே 900. ஐந்து நாள் நடக்கும் அத்தேர்வு பிள்ளையின் இயல்பையும் குழுவோடு இணங்கி இயங்கும் திறனையும் பார்ப்பது. அதற்கு இந்த மையம் மனப்பாட விடைத்தாள்களைக் கொடுப்பது பெரும் தவறு. கணிதத்துக்கு மட்டும் தாராளமாகச் சேர்க்கலாம், எஸ்.எஸ்.பி. வகுப்புக்குத் தனிக் கட்டணம் செலுத்த வேண்டாம்.