துண்டு வெட்டியபின் யாரிடம் பழகுவது?

பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இயங்காமல் போன அம்மம்மாவை இரண்டு கிழமையில் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் செய்து) வீட்டுக்கு அனுப்பினார்கள். மூக்குக் குழாயால் எப்படிச் சாப்பாடு விடுவது என்று வாட்டில் ஐந்து நிமிடம் காட்டியிருக்கிறார்கள். பார்த்தது சித்தி. அவர் மறுநாளே வவுனியாவுக்குப் பஸ் ஏறிவிட்டார். சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, ஊரில் மிஞ்சிய ஒருவர் தலையில் இந்தப் பொறுப்பு விழுவது யாழ்ப்பாணத்தில் புதினமில்லை. அந்த ஒருவர் பழகிக்கொள்ள எனக்குத் தெரிந்து நான்கு வழி.

முதலாவது, வாட்டிலேயே பழகுவது. அதற்குக் காசு தேவையில்லை. எங்கள் நோயாளியை வைத்தே பழகலாம். சாப்பாடு விடும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், விட்டு அரை மணித்தியாலத்துக்காவது தட்டையாகக் கிடத்தக்கூடாது என்பதெல்லாம் அங்கேயே தெரியவேண்டியவை. ஆனால் தாதியருக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆகவே வீட்டில் பார்க்கப்போகிறவரே முதல் நாள் போய், "நான் செய்யிறன், நீங்கள் பாருங்கோ மிஸ்" என்று கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது பராமரிப்பாளர் பயிற்சிநெறி. என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு முடிகிற வகுப்பு. குளிப்பாட்டுவது, முதலுதவி, பிரஷர் பார்ப்பது எல்லாம் முறையாகச் சொல்லித்தருவார்கள். வேலைக்குப் போகிறவருக்கு, குறிப்பாக வெளிநாடு போக நினைப்பவருக்கு, நல்ல வழி. ஒரு மணித்தியாலம் வீட்டை விட்டு அசைய முடியாத மருமகளுக்கு மாதக்கணக்கான வகுப்பால் என்ன பயன்?

மூன்றாவது யூடியூப். இரவு இரண்டு மணிக்கும் கிடைக்கும், அதுதான் அதன் பலம். ஆபத்தும் அதிலேயே. இடுப்பில் தோல் சிவந்தபோது நான் பார்த்த ஒரு வீடியோ, எண்ணெய் போட்டு நன்றாகத் தேய்க்கச் சொன்னது. சிவந்த இடத்தைத் தேய்த்தால் உள்ளே இன்னும் பழுதாகும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டி, அந்த இடத்தில் பாரம் விழாமல் பார்ப்பதுதான் மருந்து. நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையமும் அப்படித்தான், சுற்றிவர இரத்த ஓட்டத்தை நெரிக்கும். டிமென்ஷியா உள்ளவரைப் பார்ப்பவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்வேன்: இணையத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஐசப்போர்ட்' பயிற்சி உருப்படியானது. 5 பகுதி, 23 பாடம். பார்ப்பவரின் களைப்பையும் ஒரு விஷயமாக எடுத்துப் பேசுகிறது. ஆனால் ஆளைத் தூக்கிக் கதிரையில் இருத்தப் பழக அது உதவாது.

என் வாக்கு நான்காவதுக்கு. இளைப்பாறிய நேர்ஸ் ஒருவரை மூன்று முறை வீட்டுக்குக் கூப்பிட்டோம். காசு போகும்தான், ஆளைப் பிடிக்கவும் நாலு பேரிடம் விசாரிக்க வேண்டும். அந்த நேர்ஸ் அன்ரி வந்ததும் முதலில் பார்த்தது கட்டிலை. சுவரோடு ஒட்டியிருந்ததை இழுத்து நடுவில் விடச் சொன்னார். கதிரையை அம்மம்மாவின் நல்ல பக்கமான இடப்பக்கம் வைக்கச் செய்தார். நான் கமக்கட்டில் கைகொடுத்துத் தூக்கப் போக, "தம்பி, ஏலாத கையை இழுக்காதையும், தோள்மூட்டு விலகிப்போம்" என்று தடுத்தார். சட்டை போடும்போது ஏலாத கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். புரட்டியபின் முதுகுக்குப் பின்னால் தலையணை, 30 பாகை சரிவு போதும். இதையெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தார் என்பதைவிட, நான் பிழையாகச் செய்தபோது பக்கத்தில் நின்றார் என்பதுதான் வித்தியாசம்.

அம்மா சந்தைக்குப் போன ஒரு நாள் பம்பர்ஸ் மாற்றவேண்டி வந்தது. பேரன் கையால் என்றதும் அம்மம்மா அழத் தொடங்கிவிட்டார். அன்ரி ஒரு பழைய நூல்சேலையை எடுத்து இடுப்புக்கு மேலால் விரித்தார். "சேலைக்குக் கீழ கைதான் வேலை செய்யவேணும், கண் இல்லை. நீர் அம்மம்மாவிட்ட முத்தத்து மாமரத்தைப் பற்றிக் கேளும்" என்றார். கேட்டேன். விலாட்டா கறுத்தக்கொழும்பானா என்று அம்மம்மா குழறிக் குழறிச் சொல்லி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.