செராமிக் ஆன்லேக்குக் காசு, வாயில் வைத்தது சாதா ஃபில்லிங்: உஷாராக இருங்கள்

ஒரு கடைவாய்ப் பல்லின் மேல் மூடி ஒட்டும் துண்டுக்கு (அதுதான் ஆன்லே) மொத்தம் 28,000 ரூபாய். தொகையை முதலிலேயே போட்டுவிடுகிறேன், இப்போது என் மண்டைக்குள் ஓடுவது அது ஒன்றுதான். உண்மை தெரிந்து இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை. அதனால் வார்த்தை கொஞ்சம் தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் போடவில்லை, புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏகப்பட்ட கிளைகள், பளபளக்கும் ரிசப்ஷன், பார்க்கும் இடமெல்லாம் சிரிக்கும் பற்கள் விளம்பரம். அந்த ரகக் கிளினிக்.

கீழ்க் கடைவாய்ப் பல். ரூட் கேனலை வேறொரு டாக்டர் ஒழுங்காக முடித்துக் கொடுத்துவிட்டார், அவர்மேல் எந்தக் குறையும் இல்லை. ரூட் கேனல் செய்த கடைவாய்ப் பல்லை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. சொத்தையையும் குடைந்து, வேருக்குப் போக வழியும் வெட்டியபின் சுற்றுச்சுவர்கள் மெலிந்து நிற்கும், மெல்லுகிற அழுத்தத்தில் பிளந்துகொள்ளும். மேலே ஏதாவது மூட வேண்டும். பெரும்பாலும் கேப் போடுவார்கள். அதற்காகத்தான் இந்தக் கிளினிக்குக்குப் போனேன்.

அங்கே இருந்த டாக்டர் மாதிரிப் பல்லைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். கேப் என்றால் பல்லைச் சுற்றிலும் சீவ வேண்டும், நல்ல பாகமும் போய்விடும். இன்லே என்றால் பல்லின் முகடுகளுக்கு நடுவே உள்ள குழிக்குள் அடங்கிவிடும். ஆன்லே என்றால் பலவீனமான முகடுகளையும் சேர்த்து மேலே மூடும். இரண்டையுமே வாய்க்கு வெளியே செய்து, கொண்டுவந்து ஒட்டுவார்கள். உங்கள் பல்லுக்கு செராமிக் ஆன்லே போதும் என்றார். சொன்ன அத்தனையும் சரி! அதுதான் வயிறு எரிகிறது. தெரியாமல் செய்திருந்தால்கூட மனசு ஆறும். இவ்வளவு தெளிவாகத் தெரிந்தவர்தான் இதைச் செய்திருக்கிறார்.

கேப் போட்டால் இதைவிடக் குறைவாகத்தானே ஆகும் என்று தயங்கினேன். "என் பல்லா இருந்தா என்ன செய்வேனோ அதைத்தான் உங்களுக்குச் சொல்றேன். நல்ல பல்லை எதுக்குங்க வீணா சீவணும்?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சம்மதித்தேன். எழுந்து போய் 28,000 முழுவதையும் கட்டினேன். முன்பணம் மட்டும் தரட்டுமா என்று கேட்டதற்கு, மெட்டீரியல் ஆர்டர் போட முழுத்தொகை வேண்டும் என்றார் ரிசப்ஷனில் இருந்த பெண். பில்லில் 'செராமிக் ஆன்லே' என்றுதான் அச்சாகியிருக்கிறது. நல்லவேளை, அது கையில் இருக்கிறது.

"எங்ககிட்டயே மெஷின் இருக்கு, ஒரே சிட்டிங்ல முடிச்சிடலாம்" என்றார்கள். அப்படி மெஷின் இருப்பது உண்மை. 1985-லேயே ஸூரிக் பல்கலைக்கழகத்தில், நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே செராமிக் இன்லேயைக் கடைந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் எந்த மெஷினாக இருந்தாலும் முதலில் பல்லை ஸ்கேன் எடுக்க வேண்டுமே? என் வாய்க்குள் கேமராவும் வரவில்லை, அச்சு எடுக்கும் மாவும் வரவில்லை. பசை போல ஒன்றை அப்புவது, நீல லைட் அடிப்பது, மறுபடி அப்புவது, மறுபடி லைட். வாயைத் திறந்தபடியே கையைக் காட்டி என்ன என்று கேட்டேன். "ஒட்டுற பசை, லேயர் லேயராத்தான் போடணும்" என்று பதில்.

சில மாதம்தான். மெத்தென்ற எதையோ மென்றுகொண்டிருந்தபோது 'டக்' என்று சத்தம். நாக்குப் பக்கத்து முகடு, ஃபில்லிங்கில் பாதியோடு பெயர்ந்து கையில் வந்துவிட்டது.

போன் செய்தேன். டாக்டர் வேறு கிளையில் இருக்கிறாராம். மறுபடி செய்தேன். கேஸில் இருக்கிறாராம், அவரே கூப்பிடுவாராம். கூப்பிடவே இல்லை. துண்டைப் படம் எடுத்து அனுப்பினேன், பார்த்துவிட்டார்கள், பதில் இல்லை. நேரில் போய் நின்றபோது மேனேஜர் என்று ஒருவர் வந்து, "கடினமா எதையாவது கடிச்சிருப்பீங்க சார், அதுக்கு வாரண்டி கிடையாது" என்றார். சரி, எந்த லேபில் செய்தது, அல்லது உங்கள் மெஷினில் எடுத்த ஸ்கேனையாவது காட்டுங்கள் என்றேன். "அதெல்லாம் இன்டர்னல் சார்." என் பல்லுக்குள் வைத்தது அவர்களுக்கு இன்டர்னலாம்! கடைசியில் பெருந்தன்மையாக ஒரு சலுகை சொன்னார்கள்: புதிதாகக் கேப் போட்டுக்கொண்டால் பத்து சதவீதம் தள்ளுபடி. 28,000 விழுங்கியது போதவில்லை.

நேற்று ரூட் கேனல் செய்த டாக்டரிடமே துண்டைக் கொண்டுபோனேன். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "இது செராமிக்கே இல்லை, கம்போசிட், சாதா ஃபில்லிங்குக்கு வைக்கிற பல் நிறப் பிசின். வாய்க்குள்ளேயே வச்சு இறுக வச்சிருக்காங்க" என்றார். வெளியே செய்து ஒட்டியிருந்தால் பல்லுக்கும் துண்டுக்கும் நடுவே மெல்லிய பசைக்கோடு தெரியுமாம், இதில் அப்படி ஒன்றுமே இல்லை. உடைந்த முகட்டின்மேல் எதுவும் மூடப்படவும் இல்லை, நடுக்குழியை மட்டும் அடைத்திருக்கிறார்கள். கம்போசிட் மோசமான பொருள் இல்லை, சின்னச் சொத்தைக்கு அருமையாக நிற்கும் என்றும் அவரே சொன்னார். ஆனால் நான் காசு கொடுத்தது அதற்கல்லவே. விரிசல் வேருக்குள் போகாததால் பல்லைப் பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் உடைப்பு ஈறுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஈறைக் கொஞ்சம் வெட்டி, கேப்தான் போட வேண்டும். எந்தச் சீவலைத் தவிர்க்க 28,000 கொடுத்தேனோ, அதே சீவல்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. அச்சோ ஸ்கேனோ எடுக்காமல் ஆன்லே என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஒட்டுவதற்கு முன் அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். முதலில் பல்லில் வைத்துப் பொருந்துகிறதா என்று பார்த்து, பக்கத்துப் பல்லோடு உள்ள இடுக்கில் நூல் விட்டுச் சோதித்த பிறகுதான் ஒட்ட வேண்டும். பில்லில் பொருளின் பெயரை எழுதி வாங்குங்கள். வேலை முடியும்வரை முழுத்தொகை கட்டாதீர்கள். புகாருக்குப் பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.