முப்பது வயது ஜீப், கோத்தகிரி ரோடு: எவ்வளவு செலவு, எவ்வளவு நம்பலாம்

மஹிந்திரா எம்.எம். 540, 1996 மாடல், ஃபோர் வீல் டிரைவ், பெஜோ டீசல் இன்ஜின். கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. அந்தத் தோட்டத்துப் பாதைக்காகவே வாங்கிய வண்டி, பத்து வருடத்துக்கு மேலாக என்னிடம் இருக்கிறது. பழைய ஜீப் வாங்கலாமா, மெயின்டனன்ஸ் ரொம்ப ஆகுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: வழியில் நிற்காது, ஆனால் ஒரு நாளும் முழுசாகச் சரியாகவும் இருக்காது. இந்த இரண்டாவது பாதிதான் பலருக்கு ஒத்துவராது.

இன்ஜின் 2112 சி.சி., 62 குதிரைத்திறன், டர்போ கிடையாது. மலையில் இந்த 62 அப்படியே கிடைக்காது. உயரம் கூடக்கூடக் காற்று மெலிவதால், டர்போ இல்லாத இன்ஜினுக்கு நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் சக்தி குறையும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது எங்கள் ஊரில் இது ஐம்பது குதிரை வண்டி. ஊட்டிக்கு ஏறினால் அதுவும் இல்லை. காற்று குறைந்தாலும் டீசல் பம்ப் அதே அளவு டீசலை ஊற்றிக்கொண்டிருக்கும், அதனால்தான் மேலே வந்ததும் பழைய ஜீப்புகள் கரும்புகை கக்குகின்றன. ஒருமுறை கீழே சமவெளியில் ஒரு பட்டறையில் பம்ப்பைக் கழற்றி கேலிபரேஷன், அதாவது டீசல் அளவைச் சரிபார்த்து செட் செய்து வாங்கி வந்தேன். அங்கே ஓட்டிப் பார்த்தபோது அருமையாக இழுத்தது. மேட்டுப்பாளையம்-கோத்தகிரி ரோட்டில் உள்ள குஞ்சப்பனை தாண்டியதும் பின்னால் வந்த பஸ்காரர் ஹார்ன் அடித்துத் தீர்த்துவிட்டார், அவ்வளவு புகை. பிறகு எங்கள் ஊர் மெக்கானிக்தான் டீசல் அளவைக் குறைத்து வைத்துக் கொடுத்தார். மலையில் ஓடும் வண்டிக்கு மலையிலேயே பம்ப் செட் செய்யும் ஆள் வேண்டும். புகைச் சான்றிதழும் இந்த வயது வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்பதால் இதை அலட்சியம் செய்ய முடியாது.

மைலேஜ்: தோட்டம், ஃபேக்டரி, டவுன் என்று ஏறி இறங்கினால் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் வரும். மேட்டுப்பாளையம் இறங்கி கோவை போய் வந்தால் 12 வரைக்கும் பார்க்கலாம். டீசல் 92 ரூபாய்க்கு மேல் விற்கும் காலத்தில் மலை ஓட்டத்தில் கிலோமீட்டருக்கு 9 ரூபாய்க்குக் குறையாமல் ஆகிறது. இதைக் குறைக்க வழி ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள்.

குளிர்காலத்து ஸ்டார்ட்டிங் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த பெஜோ இன்ஜினில் டீசல் நேரே சிலிண்டருக்குள் போகாது, பக்கத்தில் உள்ள சின்ன அறையில் எரிந்து பிறகு உள்ளே வரும். அதனால் குளிரில் ஹீட்டர் பிளக் சூடானால்தான் பிடிக்கும். பின்னால் வந்த, டீசல் நேரே சிலிண்டருக்குள் போகும் டி.ஐ. இன்ஜின் ஜீப்புகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்கு அருகே தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் உறைபனியாகக் கிடக்கும். அந்த மாதிரி ஊரில் இரவு நிறுத்தினால், நாலு பிளக்கில் ஒன்று செத்திருந்தாலும் காலையில் வெள்ளைப் புகைதான் வரும், இன்ஜின் வராது. பிளக் விலை பெரிதில்லை. மழைக்காலம் முடிந்ததும் நாலையும் கழற்றி பேட்டரியில் வைத்துச் சோதித்துவிட்டால் மூன்று மாதம் நிம்மதி. பேட்டரி பலவீனமாக இருந்தால் இன்னொரு வசதி இருக்கிறது. பம்ப் முழுக்க மெக்கானிக்கல் என்பதால் சரிவில் உருட்டி செகண்ட் கியரில் விட்டாலே பிடித்துக்கொள்ளும். எங்கள் ஊரில் சரிவுக்குப் பஞ்சமில்லை.

சூடு ஏறுவதுதான் எல்லாரும் பயப்படும் விஷயம். மேட்டுப்பாளையம் சுமார் 320 மீட்டர், கோத்தகிரி 1,800. இந்த ஏற்றம் முப்பத்து சொச்சம் கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. மே மாதத்தில் லோடோடு ஏறினால் சூடு காட்டும் முள் மேலே போகும். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி அடைப்பு எடுத்த பிறகு எனக்கு இது வரவில்லை. மூடியை மட்டும் அடிக்கடி மாற்றுங்கள். 1,800 மீட்டரில் தண்ணீர் 94 டிகிரிக்கே கொதித்துவிடும். உள்ளே அழுத்தம் பிடித்து அதைக் கொதிக்காமல் வைத்திருப்பது அந்த மூடிதான். அதன் ரப்பர் போனால் ரேடியேட்டர் புதுசாக இருந்தும் பயனில்லை.

ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் நான் அதிகம் செலவு செய்கிறேன். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். கீழே இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடாகி விரியும், உள்ளிருந்து அதை அழுத்தும் பிரேக் ஷூ எட்டிப் பிடிக்க முடியாமல் பெடல் இன்னும் கீழே போகும். இது போதாதென்று பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதித்து ஆவியாகும், ஆவியை எவ்வளவு மிதித்தாலும் அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. பெடல் தரையைத் தொடுவது அப்போதுதான். சமவெளியில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்வார்கள். பாதி வருடம் மூடுபனியில் கிடக்கும் ஊரில் நான் வருடம் ஒருமுறை, வடகிழக்கு மழை முடிந்ததும் மாற்றிவிடுகிறேன். சக்கரத்தில் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிவதுதான் இந்த வண்டியின் ஓயாத வியாதி. ஒரு பக்கம் கசிந்தால் பிரேக் போடும்போது வண்டி மறுபக்கம் இழுக்கும். ரிப்பேர் கிட் மலிவு, வேலை அரை நாள். ஆனால் ஒன்று கசிந்தால் ஜோடியாக இரண்டையும் மாற்றுங்கள், இல்லையென்றால் அடுத்த மாதம் மற்றது கசியும். மற்றபடி ஏறிய கியரிலேயே இறங்கு என்ற பழைய விதிதான். சீசன் நேரத்தில் குஞ்சப்பனை பக்கம் பிரேக் கருகும் வாசனை வரும்போதெல்லாம் பார்த்தால் முன்னால் போவது பெரும்பாலும் புது வண்டி.

இனி ஃபோர் வீல். இதற்காகத்தான் வாங்குகிறோம், ஆனால் இதைத்தான் பலர் கெடுத்து வைத்திருக்கிறார்கள். இந்த ஜீப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரென்ஷியல், அதாவது இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு கிடையாது. வளைவில் முன்சக்கரம் கொஞ்சம் கூடுதல் தூரம் சுற்ற வேண்டும், அதற்கு இங்கே வழியில்லை. சேற்றில் சக்கரம் வழுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும். தார் ரோட்டில் ஃபோர் வீலில் கொண்டை ஊசி திருப்பினால் அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டை இணைக்கும் ஜாயிண்ட் கிராஸிலும் கியரிலும் ஏறும், ஒன்று உடையும் வரைக்கும். மழை பெய்கிறதே என்று பயந்து ரோட்டிலேயே ஃபோர் வீல் போட்டு ஓட்டியவர்கள் எங்கள் மெக்கானிக் பட்டறையில் வரிசையாக வந்து நிற்பார்கள்.

எங்கள் தோட்டத்துக்குள் போவது செம்மண் பாதை. நவம்பரில் அது பாதையே இல்லை. இறங்கி, முன்சக்கரத்தை அச்சோடு இணைக்கும் ஹப்பைக் கையால் திருகிப் பூட்டி, ஃபோர் வீல் லோ கியரில் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓடும் கியர்) போட்டுவிட்டால் பிரேக்கைத் தொடாமலே மூட்டையோடு ஊர்ந்து இறங்கும். இந்த ஒரு வேலையை எங்கள் காரால் செய்ய முடியாது. 2009 நவம்பரில் நீலகிரியில் மலைச்சரிவு வந்து ரோடெல்லாம் துண்டான காலத்தைப் பார்த்தவர்களுக்கு, வீட்டில் ஏன் ஒரு ஜீப் நிற்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. மழை இல்லாத மாதங்களிலும் வாரம் ஒருமுறையாவது மண்ணில் ஃபோர் வீல் போட்டு நாலடி ஓட்டுங்கள். பயன்படுத்தாமல் விட்ட ஃபோர் வீல் லிவர் துருப்பிடித்து, தேவைப்படும் நாளில் அசையாது.

பாகங்கள் கிடைக்குமா என்ற கவலைக்கு இரண்டு பதில். அச்சு, ஸ்பிரிங் பட்டை, அதன் ஷேக்கிள் புஷ், கிராஸ், வீல் பேரிங், ஸ்டியரிங் எண்ட் எல்லாம் பிற மஹிந்திரா ஜீப்புகளோடு பெரும்பாலும் பொருந்திப் போகும், குன்னூரிலும் மேட்டுப்பாளையத்திலும் அன்றைக்கே கிடைக்கும். பெஜோ இன்ஜின் சாமான் அப்படியில்லை. ஹெட் கேஸ்கெட்டுக்கோ பம்ப் சாமானுக்கோ கோவைக்குச் சொல்லி, அங்கே இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். பணத்தைவிட நாள்தான் வீணாகிறது. எனக்கு டீசல், இன்சூரன்ஸ் நீங்கலாக வருடத்துக்கு சுமார் 40,000 ரூபாய் ஆகிறது. கிளட்ச் மாற்றும் வருடமோ டிங்கரிங் வருடமோ வந்தால் கூடும். மலை ஈரத்துக்குத் தரைத்தகடு முதலில் போகும், மிதியடியைத் தூக்கிப் பார்க்காமல் யாரும் ஜீப்பை நல்ல வண்டி என்று சொல்லக் கூடாது. கிரீஸ் மட்டும் தவறாமல் அடிக்க வேண்டும். எங்கள் மெக்கானிக் அண்ணன் வண்டியைப் பார்த்ததும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, கிரீஸ் அடிச்சியா?" இல்லை என்றால் வேறு எந்தப் புகாரையும் காதில் வாங்க மாட்டார்.

காகிதச் செலவு இப்போது கனத்துவிட்டது. 1500 சி.சி.க்கு மேற்பட்ட தனியார் வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 2022 ஜூனிலிருந்து 7,897 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 9,300-ஐத் தாண்டுகிறது. இதே வேலைக்கு 1298 சி.சி. மாருதி ஜிப்ஸி வைத்திருப்பவர் 3,416 ரூபாய் பிரிவில் வருகிறார், பெட்ரோலுக்கு அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுவார் என்பது வேறு. ஆர்.சி. புதுப்பிப்பு 15 வருடம் முடிந்தபின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. 2021-ல் நான் கட்டியது 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வயதைத் தாண்டிய கார், ஜீப்புகளுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். தாமதித்தால் மாதம் 500 ரூபாய் அபராதம், பசுமை வரி தனி. பத்து வருட டீசல் வண்டியை ஓட்டவே கூடாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். அந்தத் தடை டெல்லி சுற்றுவட்டாரத்துக்கு வந்தது, தமிழ்நாட்டில் கிடையாது. பார்வைக்கு வண்டி சரியாக இருந்து எஃப்.சி. (தகுதிச் சான்று) கிடைத்தால் ஓட்டலாம்.

வாங்கப் போகிறவர்கள் பெயிண்டையும் பெரிய டயரையும் பார்க்காதீர்கள். முதலில் பானெட்டைத் திறந்து இன்ஜின் நம்பரைத் துடைத்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பெஜோவை இறக்கிவிட்டு டி.ஐ. இன்ஜின் ஏற்றிய ஜீப்புகள் ஏராளம். ஓட்டுவதற்கு அது நல்ல மாற்றம்கூட. ஆனால் புத்தகத்தில் ஏறாத இன்ஜினோடு புதுப்பிப்புக்குப் போனால் அங்கேயே நின்றுவிடும். அப்புறம் ஈரமான மண் சரிவு ஒன்றில் ஹப்பைப் பூட்டி, லோவில் போட்டு ஏறச் சொல்லி, நீங்கள் கீழே நின்று முன்சக்கரத்தைப் பாருங்கள். முன் அச்சுக்குச் சக்தி கொண்டுபோகும் ஷாஃப்டைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, லிவரை மட்டும் வைத்து ஃபோர் வீல் விலை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.