இஎல்எம்327 யுஎஸ்பி அடாப்டர்: கார் பேசிவிடுகிறது, லேப்டாப்தான் காது கொடுப்பதில்லை

காரின் கணினியில் பதிவாகும் கோளாறுக் குறியீடுகளை லேப்டாப்பில் படிக்க உதவும் இந்த அடாப்டர் மீது எனக்கு ஒரே ஒரு புகார்தான். ஆனால் காரோடு லேப்டாப்பை இணைக்கப் போகும் ஒவ்வொரு முறையும் அது புதுப் புகாராகப் பிறந்து வருகிறது. லேப்டாப்பின் இடப்பக்கத் துளையில் செருகினால் அதற்கு காம்5 என்று போர்ட் எண் கொடுக்கிறது விண்டோஸ். வலப்பக்கம் செருகினால் காம்8. நடுவில் ஒரு ஹப் வைத்தால் வேறொரு எண். ஸ்கேன் மென்பொருளோ போன தடவை பார்த்த எண்ணையே பிடித்துக்கொண்டு, அங்கே யாரும் இல்லை என்று கைவிரிக்கிறது. வெயிலில் நிற்கும் காருக்குள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, சாவியைப் போட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து 16 முனை இணைப்பியில் அடாப்டரைச் சொருகிய பிறகு திரையில் வரும் பதில் இது.

காரணம் எளிதானதுதான். இந்த மலிவு அடாப்டருக்குள் யுஎஸ்பி வேலையைச் செய்வது சிஎச்340 சில்லு. அதற்கென்று தனி வரிசை எண் கிடையாது. அதனால் விண்டோஸ் ஆளை வைத்து அடையாளம் காணாமல், எந்தத் துளை என்பதை வைத்து அடையாளம் காண்கிறது. துளை மாறினால் அதன் கணக்கில் புது ஆள், புது எண். சொந்த வரிசை எண்ணோடு வரும் எஃப்டிடிஐ சில்லு வைத்த அடாப்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. எங்கே செருகினாலும் பழைய எண்ணே கிடைக்கும். டிவைஸ் மேனேஜருக்குள் போய் எண்ணை நாமே மாற்றலாம் என்பது உண்மை. ஆனால் அந்த மாற்றம் அந்த ஒரு துளைக்கு மட்டும். கடைசியில் இடப்பக்கத் துளைக்கு மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். வீட்டில் யாரும் அதில் மவுஸ் செருகக் கூடாது என்று உத்தரவு.

போர்ட் சரியானாலும் வேகம் பொருந்த வேண்டும். என்னுடையது நொடிக்கு 38400 பிட் வேகத்தில் பேசுகிறது. மென்பொருளில் வேறு எண் இருந்தால் திரையில் குப்பை எழுத்துகள் கொட்டும், அல்லது எதுவுமே வராது. லினக்ஸ் பக்கம் போனால் நிம்மதி என்று நினைப்பவர்களுக்கு: உபுண்டு 22.04-இல் பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரைகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை இதே சில்லைத் தன்னுடைய கருவி என்று எண்ணி எடுத்துக்கொள்கிறது. அதை நீக்கினால்தான் போர்ட் கண்ணில் படும். புளூடூத் அடாப்டர் வைத்திருக்கும் என் மைத்துனரும் நிம்மதியாக இல்லை. அவருக்கு விண்டோஸ் இரண்டு போர்ட்களைத் தருகிறது. அதில் 'வெளிச்செல்லும்' போர்ட் மட்டும்தான் வேலைக்கு ஆகும். போனோடு இணைத்தால் அவருடையது ஒழுங்காக ஓடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி நல்லது. சில வாரங்களுக்கு முன் வண்டி ஐட்லிங்கில் உதறியது, எஞ்சின் விளக்கு மின்னியது. ஒர்க்‌ஷாப்பில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கும் நான்கு இக்னிஷன் காயில்களையும் மாற்றச் சொன்னார்கள். வீட்டில் இணைத்துப் பார்த்தேன்: பி0302, அதாவது இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், எரிபொருள் சரியாக எரியவில்லை. இரண்டாவது சிலிண்டரின் காயிலையும் மூன்றாவதன் காயிலையும் இடம் மாற்றிவிட்டு, குறியீட்டை அழித்து, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். இப்போது பி0303. நோய் காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது. ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் மேல் சந்தேகமே தேவையில்லை. ஒரே ஒரு காயில் வாங்கினேன். அடாப்டரின் விலை அன்றைக்கே கழிந்துவிட்டது. பெரிய லேப்டாப் திரையில் ஃபியூயல் டிரிம் (எஞ்சின் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்), ஆக்சிஜன் சென்சார் மின்னழுத்தம் இரண்டையும் கோடுகளாக ஓடவிட்டுப் பார்ப்பதில் உள்ள சுகம் போன் திரையில் கிடைக்காது.

ஒரு பொய்யையும் பதிவு செய்ய வேண்டும். யார் என்று மென்பொருள் கேட்டால் இந்த அடாப்டர் தன்னை 'இஎல்எம்327 வி1.5' என்கிறது. அசல் இஎல்எம்327 சில்லைச் செய்த கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் 1.4-க்குப் பிறகு நேராக 2.0-க்குப் போனது, 1.5 என்று ஒன்றை வெளியிட்டதே இல்லை. அந்த நிறுவனமும் 2022-இல் கடையை மூடிவிட்டது. போலி என்று தெரிந்தே வைத்திருக்கிறேன், குறியீடுகளை இதுவரை சரியாகத்தான் படித்திருக்கிறது.

எஞ்சியது ஒரு எச்சரிக்கை. இணைப்பியின் 16-ஆம் முனை பேட்டரியோடு நேரடியாக இணைந்தது. சாவியை எடுத்த பிறகும் அடாப்டர் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

வாங்கலாமா என்றால், கணினிக்காக என்றால் இதை வாங்காதீர்கள். கூடுதல் விலை கொடுத்து எஃப்டிடிஐ சில்லு வைத்ததை வாங்குங்கள், அல்லது போனோடு புளூடூத் போதும் என்று இருந்துவிடுங்கள். போன வாரம் மைத்துனர் என்னுடையதை விலைக்குக் கேட்டார். கொடுப்பதாக இல்லை.