போன் கேமராவின் மேல் கண்ணாடியை மாற்றப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

போன மாதம் என் மகள் முதல் முறையாக மேடை ஏறினாள். பள்ளி நாடகம், அவளுக்கு நான்கே வரி வசனம். முன்வரிசையில் உட்கார்ந்து நாற்பது படத்துக்கு மேல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டுப் பார்த்தால் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. எல்லாப் படத்திலும் நீர்த்த பாலை ஊற்றியதுபோல ஒரு வெள்ளைப் படலம். மேடைக்கு மேலே வரிசையாக ஆறு விளக்குகள் இருந்தன. அதே ஆறும் படத்தின் கீழ்ப் பாதியில் பச்சைப் புள்ளிகளாகத் தலைகீழாக மிதந்தன. இருப்பதிலேயே நல்ல படம் என்று நான் நினைத்ததில் ஒரு புள்ளி சரியாக அவள் கன்னத்தில் விழுந்திருந்தது. வாய் திறந்து வசனம் சொல்கிறாள், கண்ணில் பயமும் சந்தோஷமும் கலந்து நிற்கிறது, கன்னத்தில் பச்சையாக ஒரு வட்டம்.

அந்தப் போனில் அதற்கு முன் இரண்டு வருஷம் நல்ல படங்கள் எடுத்திருக்கிறேன். இடையில் நடந்தது ஒன்றுதான்: நாடகத்துக்கு மூன்று வாரம் முன்பு ஒரு ரிப்பேர் கடையில் கேமரா கண்ணாடியை மாற்றினேன். அங்கே நான் எப்படி ஏமாந்தேன் என்பதை முழுசாக எழுதுகிறேன். இதே வேலைக்காகப் போனைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள்.

போன் கையிலிருந்து நழுவி விழுந்ததில் கேமராவின் மேல் கண்ணாடி ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். படங்களில் அதனால் எந்தக் குறையும் தெரியவில்லை. தூசி உள்ளே போய்விடுமோ என்ற பயத்தில்தான் போனேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "உள்ள லென்ஸுக்கு ஒண்ணும் ஆகல சார். மேல இருக்கிறது வெறும் கண்ணாடிதான், பத்து நிமிஷ வேலை" என்றார். சூடு காட்டி, உடைந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையிலிருந்து வேறு கண்ணாடியை எடுத்து ஒட்டினார். ஒரிஜினலா என்று கேட்டேன். ஒரிஜினல்தான் என்றார். கடை வாசலில் வெயிலுக்கு முதுகு காட்டி நின்று ஒரு படம் எடுத்துக் காட்டினார். பளிச்சென்று இருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தச் சோதனைப் படத்தை யோசித்துப் பாருங்கள். வெளிச்சம் நமக்குப் பின்னால் இருந்தால் எந்த மட்டமான கண்ணாடியும் நன்றாகத்தான் படம் காட்டும். வெளிச்சம் எதிரே இருக்கும்போதுதான் கண்ணாடியின் குணம் வெளியே வரும். அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

சரி, கேமரா மேல் ஒட்டியிருப்பது "வெறும் கண்ணாடி" இல்லை என்று ஏன் சொல்கிறேன்? எந்தச் சாதாரணக் கண்ணாடியாக இருந்தாலும், அதன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதம் ஒரு பக்கத்திலேயே திரும்பிவிடும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 8 சதவீதம். இதைக் குறைப்பதற்காகத்தான் லென்ஸ்களுக்கு மிக மெல்லிய கோட்டிங் போடுகிறார்கள். இது ஒன்றும் புது வித்தை இல்லை. ஜெர்மனியில் கார்ல் ஜைஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935-லேயே இதற்கு வழி கண்டுபிடித்துவிட்டார். நல்ல கோட்டிங் இருந்தால் ஒரு பக்கத்தில் திரும்பும் ஒளி அரை சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

போன் கேமராவுக்குள் ஆறு ஏழு சின்ன லென்ஸ்கள் அடுக்கி வைத்ததுபோல இருக்கும். அவற்றைக் கடந்து ஒளி கீழே இருக்கும், படத்தைப் பதிவு செய்யும் சென்சாரில் விழுகிறது. சென்சாரும் பளபளப்பான பொருள்தான், கொஞ்சம் ஒளியை மேலே திருப்பி அனுப்பும். அப்படிப் போகும் ஒளி மேல் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் மோதி மறுபடியும் கீழே வந்தால், படத்தின் நடுப்புள்ளிக்கு நேர் எதிர்ப் பக்கத்தில் விளக்கின் ஒரு மங்கலான உருவம் விழுகிறது. விளக்கு மேல் இடது மூலையில் இருந்தால் புள்ளி கீழ் வலது மூலையில். என் மகளின் கன்னத்தில் இருந்தது இதுதான். கோட்டிங் உள்ள கண்ணாடியிலும் இது வரும், ஆனால் லேசாக வரும். கோட்டிங்கே இல்லாத கண்ணாடியில் அந்த ஒரு மோதல் மட்டும் எட்டு மடங்குக்கு மேல் பலமாகிவிடும். இருட்டு மேடையில் விளக்கு மட்டும் மற்ற எல்லாவற்றையும்விடப் பல ஆயிரம் மடங்கு பிரகாசமாக இருப்பதால், துளி ஒளி திரும்பினாலும் படத்தில் அது தெரிந்துவிடும்.

நாடகத்துக்கு மறுநாளே கடைக்குப் போய்ப் படங்களைக் காட்டினேன். "லைட்டுக்கு நேரா புடிச்சா எல்லா போன்லயும் இப்படித்தான் சார் வரும்" என்றார். இது பாதி உண்மை. அதனால்தான் மறுத்துப் பேச முடியவில்லை. 2012-ல் ஐபோன் 5 வந்தபோது படத்தின் ஓரத்தில் ஊதா நிறம் படிகிறது என்று பெரிய பேச்சு கிளம்பியது. சின்ன கேமராக்களில் இப்படி வருவது உண்டு, போனைக் கொஞ்சம் நகர்த்தியோ கையால் வெளிச்சத்தை மறைத்தோ எடுங்கள் என்று ஆப்பிள் நிறுவனமே சொன்னது. எனக்கும் அது நினைவில் இருந்தது. ஒருவேளை நம் கண்தான் இப்போது அதிகமாகக் கவனிக்கிறதோ என்று சந்தேகப்பட்டேன்.

என் தயக்கத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கதையைச் சொன்னார்: "கீழ விழுந்ததுல உள்ள இருக்கிற கேமராவும் அடி வாங்கியிருக்கும். அதையும் மாத்திட்டா சரியாயிடும்." விழுந்த பிறகு கண்ணாடி மாற்றும் வரை படங்கள் நன்றாக இருந்தன என்பதை அந்த நேரத்தில் நான் யோசிக்கவே இல்லை. மாற்றச் சொன்னேன். கண்ணாடிக்குக் கொடுத்ததைப்போலப் பல மடங்கு பணம். அன்றைக்கு ராத்திரி தெருவிளக்கைப் படம் எடுத்தேன். அதே படலம், அதே பச்சைப் புள்ளிகள்.

உண்மை தெரிந்தது என் தம்பியால். அவனிடமும் அதே மாடல் போன்தான். இரண்டையும் மேஜையில் கவிழ்த்து, கேமரா மேலே தெரியும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மேலே டியூப்லைட். அவன் போன் கண்ணாடியில் டியூப்லைட்டின் பிரதிபலிப்பு மங்கலாக, பச்சையும் ஊதாவும் கலந்த நிறத்தில் தெரிந்தது. அதற்குக் கீழே லென்ஸின் கருப்பு ஆழம் வரைக்கும் பார்க்க முடிந்தது. என் போனில் அதே டியூப்லைட் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல வெள்ளை வெளேரென்று பளபளத்தது. கொஞ்சம் சாய்த்துப் பார்த்தபோது கண்ணாடியின் உள்பக்கம், துடைக்கவே முடியாத இடத்தில், ஒரு கைரேகை. ரேகைக் கோடுகள்கூடத் தெளிவாக இருந்தன. படலத்துக்குக் காரணம் புரிந்துவிட்டது.

மூன்றாவது முறை போனபோது பேச்சு மாறியது. "ஒரிஜினல்னு நான் சொல்லல சார், ஒரிஜினல் குவாலிட்டினுதான் சொன்னேன்." பில்லில் "கேமரா கிளாஸ்" என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. பழைய கேமராவையாவது கொடுங்கள் என்றால், குப்பையில் போட்டாச்சு என்கிறார். கடைசியில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். உள்ளே இருப்பது எங்கள் கேமராவே இல்லை என்றார்கள். கண்ணாடி, கேமரா இரண்டையும் மறுபடி பணம் கொடுத்து மாற்றிய பிறகுதான் போன் பழைய நிலைக்கு வந்தது. நல்ல கேமராவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மட்டமானதைக் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

உங்களுக்கு இது நடக்கக் கூடாது. கடைக்குப் போகும் முன்பே வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, எரியும் ஒரு பல்பை மட்டும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல்பு படத்தின் நடுவில் இல்லாமல் ஒரு மூலையில் இருக்கட்டும். மாற்றிய பிறகு, பணம் கொடுப்பதற்கு முன், கடையிலேயே இருக்கும் விளக்கை வைத்து அதேபோல எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். போனின் பின்பக்கம் எத்தனை கேமரா இருக்கிறதோ அத்தனையிலும் எடுக்க வேண்டும், ஒன்றில் சரியாக இருந்து இன்னொன்றில் சொதப்பலாம். எதிர்ப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி வந்தால் பயப்படாதீர்கள், அது முன்பும் வந்திருக்கும். புள்ளிகள் கூடியிருந்தாலோ, கருப்பாக இருக்க வேண்டிய இடம் சாம்பலாக வெளுத்திருந்தாலோ ஒத்துக்கொள்ளாதீர்கள். புள்ளியையாவது பிறகு எடிட் செய்து அழித்துவிடலாம். வெளுத்துப்போன படத்தில் தொலைந்த விவரங்களை முழுசாகத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அப்புறம் ஃபிளாஷ் போட்டு, இருட்டான இடத்தில் ஒரு கருப்புத் துணியைக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுங்கள். சில போன்களில் ஃபிளாஷுக்கும் லென்ஸுக்கும் சேர்த்து ஒரே கண்ணாடித் தகடுதான். ஃபிளாஷ் வெளிச்சம் தகட்டுக்குள்ளேயே ஓடி லென்ஸுக்கு வராமலிருக்க நடுவில் கருப்பு வளையம் போட்டிருப்பார்கள். மட்டமான கண்ணாடியில் அது இல்லாமல் போகலாம். படம் பனிமூட்டமாக வந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

சில சமயம் படத்தில் வெளிச்சம் ஒரே திசையில் நீளக் கோடாக இழுத்தால், முதலில் லென்ஸைச் சுத்தமான மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள். விரல் எண்ணெயை எந்தத் திசையில் தேய்த்திருக்கிறோமோ அதற்குக் குறுக்காக அந்தக் கோடு விழும். அதற்காக யாரிடமும் போக வேண்டியதில்லை, பணம் கேட்டால் கொடுக்கவும் வேண்டாம்.

கேமராவுக்கு மேல் ஒட்டும் ப்ரொடெக்டர் கண்ணாடியும் இதே கதைதான். அது கூடுதலாக இரண்டு பரப்பு, நடுவில் காற்று இடைவெளி. "சஃபையர்" (நீலக்கல் வகைப் படிகம்) என்று சொல்லி விற்பதை வாங்குவதற்கு முன் கோட்டிங் இருக்கிறதா என்று கேளுங்கள். உண்மையான சஃபையராகவே இருந்தாலும், கோட்டிங் இல்லையென்றால் அது கண்ணாடியைவிட அதிகமாக, ஒரு பக்கத்துக்கு 7 சதவீதத்துக்கு மேல் ஒளியைத் திருப்பும். ராத்திரிப் படம் எடுப்பவர் என்றால் கழற்றிவிட்டு எடுங்கள்.

பில்லில் பாகத்தின் பெயரோடு "ஒரிஜினல்" என்று எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அங்கேயே போனை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கழற்றிய பாகம் எதுவாக இருந்தாலும் கையில் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் பொருள்.

நாடகப் படம் ஒன்றே ஒன்று கிடைத்தது. இரண்டு வரிசை பின்னால் இருந்த வேறொரு அம்மா எடுத்தது. அதில் என் தலை பாதி மறைக்கிறது, போனை உயரத் தூக்கிப் பிடித்திருக்கிறேன். மகளின் முகம் முக்கால்வாசி தெரிகிறது, கன்னத்தில் ஒரு புள்ளியும் இல்லை. அதைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.